வில்லிபுத்தூர்ப் பெண்ணின் மெட்டு

பாட்டு என்பது சொல்லும் இசையும் கூடிய ஒன்றே எனினும், காலம் அவ்விரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஏட்டில் ஏறிவிட்ட சாகித்தியம், கரையானுக்கும் ஆற்றுவெள்ளத்துக்கும் தப்பினால், ஆயிரம் ஆண்டும் அதற்கு மேலும் நிலைத்திருக்கும். அதைப் பாடிய மெட்டோ, பாடியவர் வாயிலும் கேட்டவர் செவியிலும் சில தலைமுறை குடியிருந்து, சொல்லாமல் கொள்ளாமல் உருமாறிப் போகும். குடுமியான்மலைக் கல்வெட்டைப் போன்ற அருமையான விதிவிலக்குகளை நீக்கினால், நம் முன்னோர் பதிகத்தின் தலையில் பண்ணின் பெயரையும் சில வேளை தாளத்தின் பெயரையும் எழுதி அத்துடன் திருப்தி அடைந்தார்களேயன்றி, எந்த எழுத்து எந்த சுரத்தில் நின்றது என்பதை எழுதி வைக்கும் கவலையை மேற்கொள்ளவில்லை. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் பாட்டுகளைச் சுரப்படுத்தித் தந்த தம் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யை அச்சேற்றியது 1904ஆம் ஆண்டில்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஏழு கல் இடைவெளியில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் என்ற இரண்டு ஊர்களின் பழமையைச் சிந்திப்பவர்க்கு இந்தப் பொதுவான துக்கம் ஒரு தனிப்பட்ட கேள்வியாகவே வந்து நிற்கும். வில்லிபுத்தூரில் ஓர் இளம்பெண் தானே கட்டித் தானே பாடிய பாட்டுகள் இன்று தமிழ்நாடு முழுவதும் மார்கழி விடியலில் ஒலிக்கின்றன. ஆயினும் அவள் பாடிய மெட்டு எது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அவளுக்குப் பல நூற்றாண்டு பிந்தி, இராஜபாளையத்தை அடுத்த சேற்றூரில் தமிழ் பயின்ற ஓர் இளைஞர் கட்டிய பாட்டுகளின் மெட்டோ, கழுகுமலைப் பாதையில் நடக்கிற எவர் வாயிலும் இருக்கிறது. இருவரும் இளமையிலேயே பாட்டை நிறுத்திக்கொண்டவர்கள். இருவரும் கற்றோர் சபையின் வழக்கமான யாப்பை விட்டுத் தம்மைச் சுற்றியிருந்த ஜனங்களின் ஓசையைத் தேடிப் போனவர்கள். அப்படியிருக்க, ஒருவருடைய மெட்டு பிழைத்ததும் மற்றொருவருடைய மெட்டு மறைந்ததும் ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

ஆண்டாளின் சரித்திரம் தமிழர் அனைவரும் அறிந்தது. வடபத்ரசாயி கோயிலுக்கு நந்தவனக் கைங்கரியம் செய்துவந்த விஷ்ணுசித்தர், ஆடிப் பூரத்தன்று துளசிச் செடியின் அடியில் குழந்தையாகக் கண்டெடுத்து வளர்த்த பெண் அவள். பெருமாளுக்குத் தொடுத்த மாலையைத் தான் முதலில் சூடி அழகு பார்த்தவள். பருவம் வந்தபின் மானிடனுக்கு வாழ்க்கைப்பட மறுத்து அரங்கனோடு கலந்தவள். திருப்பாவையின் பதின்மூன்றாம் பாட்டில், வெள்ளிக்கோள் உதிக்கும் வேளையில் வியாழன் மறைந்ததாக அவள் போகிற போக்கில் சொல்லிய செய்தியைப் பற்றிக்கொண்டு, மு. இராகவையங்கார் வான நூல் கணக்கால் அந்த விடியல் கி.பி. 731ஆம் ஆண்டைச் சார்ந்தது என்று நிர்ணயித்தார். வேறு கணக்குப் போட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னே தள்ளியவர்களும் உண்டு. எந்தக் கணக்கை ஒப்புக்கொண்டாலும், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை அந்தப் பாட்டுகளுக்கு உண்டு. திருப்பாவை முப்பதும் நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்றும் ஆக, நூற்று எழுபத்து மூன்று பாட்டுகளே அவள் வாழ்நாட் சேகரம்.

பெரியாழ்வார் என்று பெயர்பெற்ற அந்த விஷ்ணுசித்தர் பாண்டியன் ஸ்ரீவல்லபனுடைய சபையில் வித்துவான்களை வென்று பொற்கிழி அறுத்தவர் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. அத்தகைய பண்டிதரின் வீட்டில் வளர்ந்த பெண், தகப்பனார் அறிந்த சாஸ்திரங்களையெல்லாம் வாசற்படியில் நிறுத்திவிட்டுத் தெருவில் விளையாடும் சிறுமிகளிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போனாள் என்பதே எனக்கு அவள் வாழ்வில் மிகுந்த ஆச்சரியத்தைத் தருவது. இதில் தகப்பனாருக்கும் பங்கு உண்டு. தாலாட்டையும், பெண்கள் எதிரெதிர் நின்று ஆடிப் பாடும் உந்தி பறத்தலையும் தெய்வப் பாட்டாக்கியவர் அவரே. ஆனால் தகப்பனார் தாயின் வேஷம் பூண்டு பாடினார். மகளுக்கோ வேஷம் வேண்டியிருக்கவில்லை. நாச்சியார் திருமொழியின் பதினான்கு பதிகங்களையும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். தை மாதத்தில் தரை மெழுகிக் கோலமிட்டுக் காமனை நோற்பதும், மணலில் கட்டிய சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று கெஞ்சுவதும், குளத்தில் இறங்கியவர்கள் கரையிலிருந்த சேலையைத் திருப்பித் தரச் சொல்லி மன்றாடுவதும், கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் சுழித்து நினைத்தது கூடுமா என்று குறி பார்க்கும் கூடல் இழைப்பதும், குயிலைக் கூவச் சொல்லி வேண்டுவதும், கல்யாணச் சடங்குகளை ஒவ்வொன்றாகக் கனவாகத் தோழியிடம் சொல்வதும் எல்லாம் அந்தக் காலத்து வில்லிபுத்தூர்ப் பெண்கள் ஆடியதும் நோற்றதும் பாடியதும் ஆகவே இருந்திருக்க வேண்டும். கடைசிப் பதிகம் முழுவதும் ஒரு கட்சி கேட்க மறு கட்சி விடை சொல்வதாகவே நடக்கிறது. இரண்டு வரிசையாகப் பெண்கள் நிற்காமல் அப்படி ஒரு பாட்டு பிறந்திராது.

திருப்பாவைக்கு ஆதாரமான நோன்பும் அவள் கற்பித்தது அன்று. கன்னிப்பெண்கள் தாயருகே நின்று பனிநாளில் வையையில் நீராடிய அம்பா ஆடலைப் பரிபாடல் சொல்லுகிறது. மழை பெய்து நாடு செழிக்கவும் நல்ல கணவன் வாய்க்கவும் கூட்டமாக விடியலில் எழுந்து நீராடும் வழக்கம் தமிழ்நாட்டில் ஆழ்வார்களுக்கு முன்பே இருந்தது. அந்த நோன்புக்குரிய பாட்டு ஒன்று இருந்திருக்க வேண்டும். அதற்கு எல்லாரும் அறிந்த ஒரு மெட்டும், எல்லாரும் சேர்ந்து முழங்கும் ஒரு மகுடமும் இருந்திருக்க வேண்டும். முப்பது பாட்டும் எட்டடிக் கொச்சகமாய், ஒவ்வோர் அடியிலும் நாலு சீராய், ஒவ்வொன்றும் எம்பாவாய் என்ற விளியில் வந்து முடிவதைக் கண்டால், ஆண்டாள் புதிதாகச் செய்தது சொல்லே என்றும், ஓசையை அவள் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டாள் என்றும் கருத இடமுண்டு. மாணிக்கவாசகரும் திருவெம்பாவை இருபதையும் அதே விளியிலேயே முடித்திருப்பது இந்த அபிப்பிராயத்துக்கு வலிமை சேர்க்கிறது. சயாம் தேசத்து அரண்மனைப் பிராமணர்கள் பொருள் அறியாமலே இத்தமிழ்ப் பாட்டுகளின் மிச்சத்தை ஓதி, திரியம்பாவை திரிபாவை என்ற பெயரால் ஒரு திருவிழாவை நடத்திவந்தார்கள் என்பதும், அதன் அங்கமாகிய பாங்காக்கின் பெரிய ஊஞ்சலாட்டம் 1935ஆம் ஆண்டு வரை நடந்தது என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை.

இனி, ஆண்டாள் அந்த ஓசைக்குள் எவ்வாறு புகுந்தாள் என்பதை வியாக்கியான கர்த்தர்கள் நயமாகச் சொல்லியிருக்கிறார்கள். வில்லிபுத்தூரையே திருவாய்ப்பாடியாகவும், வடபெருங்கோயிலை நந்தகோபர் திருமாளிகையாகவும், தன் தோழிகளை இடைச்சிகளாகவும் பாவித்த அவளுக்கு, நாளடைவில் இடைச்சியரின் பேச்சும் நடையும் அவர்கள் மேனியில் வீசும் பால் தயிரின் வாடையும்கூட வந்துவிட்டன என்பது அவர்கள் கொள்கை. பக்தர்கள் இதை அனுகாரத்தின் உச்சம் என்பார்கள். பாட்டுக் கட்டுகிறவர்களும் இதில் ஒரு பாடம் காணலாம். அவள் பிறர் மொழியை இரவல் வாங்கிப் பாடவில்லை, அந்த மொழியைப் பேசுகிறவளாகவே ஆனபின் பாடினாள். திருப்பாவையின் பதினைந்தாம் பாட்டில் வாசலில் நிற்பவர்களும் உள்ளே படுத்திருப்பவளும் மாறி மாறிக் குத்தலாகப் பேசிக்கொள்ளும் வேகத்தைக் கவனித்தால், தெருச் சண்டையைக் காதால் கேட்டவள் அன்றி ஏட்டுச்சுவடி கற்றவள் மட்டும் அதை எழுதியிருக்க முடியாது என்பது விளங்கும். ஆண்டாள் என்று ஒருத்தி இருந்ததில்லை, பெரியாழ்வாரின் கற்பனையே அவள் என்று இராஜாஜி ஒருகால் எழுதினார். பெரியவர் எழுதியது என்பதற்காக அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பெரியாழ்வாரின் ஓசை இடுப்பில் குழந்தையை வைத்திருக்கும் தாயின் ஓசை. நாச்சியார் திருமொழியின் ஓசையோ பொறுமை இழந்த கன்னியின் ஓசை. இரண்டும் ஒரே தொண்டையில் பிறந்தவை என்று நம்புவதற்கு எனக்குச் செவி இடம் கொடுக்கவில்லை. போதாக்குறைக்குப் பெரும்பாலான பதிகங்களின் இறுதியில் ஊர்ப் பெயரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்துத் தன் பெயரை முத்திரையாக அவள் வைத்திருக்கிறாள்; பிற்காலத்துக் கீர்த்தனாசாரியர்கள் வைத்த முத்திரைக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

அவள் சென்றபின் பாட்டு என்ன ஆயிற்று? ஆழ்வார்களின் பாசுரங்கள் வழக்கொழிந்து கிடந்த நிலையில் காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள் அவற்றைத் தேடிச் சேர்த்து நாலாயிரமாக வகுத்து, இயற்பா ஒழிந்த மற்றவற்றை இசையோடு பாடும்படி தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் தேவகானத்தில் உபதேசித்தார் என்பது சம்பிரதாயம். அவ்வழியில் வந்தவர்களே அரையர்கள். விண்ணப்பம் செய்வார் என்பது அவர்களுடைய பழைய பெயர். திருவரங்கப் பெருமாளரையர் இராமாநுஜருக்கே ஆசாரியராக இருந்தார் என்பதிலிருந்து அந்தப் பாடகர் குலத்தின் பெருமை விளங்கும். திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர், கன்னட நாட்டு மேல்கோட்டை ஆகிய இடங்களில் மட்டுமே எஞ்சியிருக்கும் இந்த அரையர் சேவையில், கூம்பு வடிவான குல்லாயும் பெருமாளின் மாலையும் தரித்து, கையில் தாளம் ஏந்தி, பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, பின் வியாக்கியானத்தையும் ஒப்புவிக்கிறார்கள். முத்துக்குறி என்ற பகுதியில், மகளின் நோய் என்னவென்று அறியாத தாயாகவும், நோயுற்ற மகளாகவும், முத்துப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் ஒரே அரையர் மாறி மாறி நிற்பதைக் காண்பவர், தமிழ் நாடகத்தின் ஆதி ரூபங்களில் ஒன்றையே கண்டவராவர்.

வில்லிபுத்தூரின் மார்கழியை நேரில் காணாதவர் காண வேண்டும். பகல்பத்தின் முதல்நாள் ஆண்டாள் தன் பிறந்தகத்தாராகிய வேதபிரான் வம்சத்தார் திருமாளிகைக்கு எழுந்தருள, அங்கே அவள் முன்னே பசுங்காய்கறிகளைப் பரப்பி வைக்கிற பச்சை பரத்தல் நடக்கும். பின்னர் நீராட்டு உற்சவத்தில் திருமுக்குளக்கரை மண்டபத்தில் எண்ணெய்க்காப்பு நடக்கும். சீர் கொண்டு வருபவளை வரவேற்கும் வீட்டைப் போலவே ஊர் அவளை வைத்திருக்கிறது. அவள் கையில் அன்றன்று பச்சை இலைகளால் புதிதாகக் கட்டி, மாதுளம்பூவை அலகாக வைத்த கிளி இருக்கும். அவள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் அழகருக்கும் புரட்டாசியில் திருமலை வேங்கடவனுக்கும் போகும். இத்தனையும் மாறாமல் காத்த ஊர், பாட்டின் மெட்டை மட்டும் காக்க முடியவில்லை. அரையர்களின் பாட்டில் இன்று தாளமும் சில சுரங்களுக்குள் அடங்கிய ஓர் ஓதுமுறையுமே மேலோங்கி நிற்கின்றன. கோஷ்டியில் ஓதுவதோ, ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணாக்கர் இருமுறை சொல்லும் சந்தை முறையில் வந்த, அட்சர சுத்தத்தையே உயிராகக் கொண்ட அத்தியயனம். இரண்டும் மிக உயர்ந்தவை. ஆனால் இரண்டும் ஆண்களின் குரல்கள். பெண்களுக்காகப் பெண்ணொருத்தி பாடிய பாட்டு, கோயிலுக்குள் நுழைந்த நாள்முதல் ஆண்களின் வாயிலேயே ஆயிரம் ஆண்டு தங்கியது என்ற விசித்திரத்தை நம் வைணவப் பெரியோர் அதிகம் பேசுவதில்லை.

அவள் கதை மட்டும் ஊர் ஊராகப் பரவியது. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் செய்த 'ஆமுக்த மால்யதா' என்னும் மகாகாவியம் வில்லிபுத்தூரின் வருணனையோடு தொடங்கி விஷ்ணுசித்தரையும் கோதை என்னும் ஆண்டாளையும் பாடுகிறது. அந்தப் பேரரசின் காலத்தையொட்டித் தெற்கே வந்து குடியேறிய தெலுங்கு பேசும் ராஜாக்கள் வாழும் இராஜபாளையம், அந்தக் காவியம் பிறந்த ஊருக்கல்ல, அதன் கதாநாயகி பிறந்த ஊருக்குப் பக்கத்தில் அமைந்தது தற்செயலே ஆயினும் பொருத்தமானது. மதுரைத் திருமலை நாயக்கர், வில்லிபுத்தூரில் நைவேத்தியம் ஆன மணியோசை வழிநெடுகக் கட்டிய மண்டபங்களின் மணிகள் வாயிலாக மதுரைக்கு எட்டியபின்பே போஜனம் செய்வார் என்று கதை சொல்லுவார்கள். மணியோசையை மதுரைவரை கடத்தக் கற்றவர்கள், பாட்டின் ஓசையைப் பேரன்வரை கடத்தும் உபாயத்தைக் கற்கவில்லை.

இப்போது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வருவோம். இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில், மலையைப் பார்த்தாற்போல அமைந்தது சேற்றூர். அது அக்காலத்தில் ஒரு ஜமீன். பக்கத்து முகவூர் இராமசாமிக் கவிராயர் அந்தச் சமஸ்தான வித்துவானாக இருந்தார். அவருடைய மக்களும் புலவர்களாகப் பேர் பெற்றார்கள். சங்கரன்கோயில் பக்கத்துச் சென்னிகுளத்தில் ஒரு குடியானவக் குடும்பத்தில் பிறந்த அண்ணாமலை என்ற பையன், படிப்பின்மேல் கொண்ட ஆசையால் இந்தச் சேற்றூருக்கு வந்து கவிராயரிடம் பாடம் கேட்டான். பிறகு திருவாவடுதுறைக்குச் சென்று சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்து, உ. வே. சாமிநாதையரிடமும் பாடம் கேட்டான். மடத்தின் நிழலில் தங்கியிருந்தால் அந்தாதியும் கோவையும் பாடிக்கொண்டு, நூற்றுக்கணக்கான புலவர்களுள் ஒருவராக அவர் போயிருப்பார்; திரிபந்தாதியும் மும்மணிக்கோவையும் தலபுராணமும் அவர் பாடித்தான் இருக்கிறார், அவற்றை இன்று யார் படிக்கிறார்கள்?

ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் தமிழுக்கும் புலவர்க்கும் தாராளமாகக் கொடுத்தவர். அவருடைய சமஸ்தானத்துக்கு அண்ணாமலை ரெட்டியார் வந்து சேர்ந்தபின், ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றார்; வழிநடையில் பாடுவதற்காக ரெட்டியார் கட்டியதே காவடிச்சிந்து. காவடி தூக்கிச் செல்கிறவர்கள் அதற்கு முன்பும் பாடிக்கொண்டுதான் போனார்கள். ரெட்டியார் செய்தது, அந்த ஜனங்களின் மெட்டை அப்படியே நிறுத்தி, அதற்குள் திருவாவடுதுறையில் கற்ற மடக்கையும் சிலேடையையும் கற்பனையையும், சேற்றூரில் பழகிய சொல்லாட்சியையும் திணிக்காமல் இழைத்ததுதான். குற்றெழுத்துகள் அடுக்கடுக்காய் ஓடி, ஒரு நெட்டெழுத்தில் வந்து தங்கி மூச்சு வாங்கும் அந்தச் சந்தத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தோளிலே பாரமும் காலிலே புழுதியும் இல்லாதவனுக்கும் நடை தானாக வரும். புலமையும் நாட்டுப்பாட்டும் சேர்ந்தால் ஏதேனும் ஒன்று கெடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ரெட்டியாரே போதிய பதில். அவர் முப்பது வயதை எட்டவில்லை. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோயால் இறந்தார். கழுகுமலைக்கு அதிகத் தொலைவில்லாத எட்டயபுரத்தில் அப்போது சிறுவனாயிருந்த சுப்பிரமணியன் வளர்ந்து மகாகவியானபோது, சிந்தின் மெட்டுகளைத் தம் பாட்டுகளுக்குத் தாராளமாக எடுத்துக்கொண்டார். கச்சேரி வித்துவான்களும் துக்கடாக்களில் காவடிச்சிந்துக்கு இடம் கொடுத்தார்கள்.

ரெட்டியார் எழுதிய சொல்லும் பிழைத்தது, மெட்டும் பிழைத்தது. சுரப்படுத்தி வைத்ததனால் பிழைத்ததா? இல்லை. காவடி எடுக்கும் வழக்கம் பிழைத்ததனால் பிழைத்தது. மெட்டு என்பது ஒரு செய்கையோடு ஒட்டிக்கொண்டு வாழ்வது. ஏற்றம் இறைப்பது நின்றபோது ஏற்றப்பாட்டின் மெட்டும் நின்றது. பாவை நோன்பைக் கன்னிப்பெண்கள் தாமாகக் கூடி நோற்ற காலம் போய், அது கோயிலின் பாராயணமாகவும் வீட்டுப் பூஜையாகவும் மாறியபோதே, வீடு வீடாகப் போய்த் தோழியை எழுப்பிய அந்த நடைமெட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. நாச்சியார் திருமொழியில் கல்யாணக் கனவைச் சொல்லும் பதிகம் மட்டும் வைணவக் கல்யாண வீடுகளில் தேங்காய் உருட்டும் சடங்கோடு இணைந்து இன்றும் வாழ்வது இதற்கு மறுதலையான சாட்சி.

இருபதாம் நூற்றாண்டில், தமிழிசை இயக்கம் கிளர்ந்து, சபைகளில் தமிழ்ப் பாட்டுகள் இல்லையே என்ற குறை உரக்கப் பேசப்பட்ட பின், அரியக்குடி இராமாநுஜையங்கார் திருப்பாவைக்கு இராகம் அமைத்தார். கச்சேரிக்கு ஒரு பத்ததி வகுத்தவர் என்று வித்துவான்களே வணங்கிய அவர், முதல் ஐந்து பாட்டுகளையும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற கனராக பஞ்சகத்திலேயே வைத்தார். தியாகையரின் பஞ்சரத்தினங்களுக்கு ஈடாக ஆண்டாளை உட்கார வைக்கும் எண்ணம் அதில் தெளிவாகத் தெரிகிறது. காஞ்சிப் பெரியவர் 1950களில் திருப்பாவை திருவெம்பாவை மாநாடுகளை நடத்தச் செய்து ஊக்கமளித்தார். எம். எல். வசந்தகுமாரி அந்த அமைப்பில் பாடிய இசைத்தட்டுகள் மார்கழியில் வானொலியிலும் கோயில் ஒலிபெருக்கிகளிலும் ஒலித்து, திருப்பாவை என்றாலே நாட்டையில் தொடங்குவது என்ற நினைவு தமிழர் செவியில் ஊறிவிட்டது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் ஒரு பெண்ணின் குரல் பொதுமன்றத்தில் அந்தப் பாட்டை மீட்டுக்கொண்டது என்ற வகையில் இது சரித்திர சம்பவமே.

அந்தத் தலைமுறையில் இராஜபாளையமும் கலைக்கு வீடு கொடுத்தது. பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர் அது. இராஜபாளையம் மில்ஸ் 1936இல் தோன்றியது. ஆலைச் சங்கு நேரம் சொல்லும் அந்த ஊரில், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாயிருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தார். பதவியில் இருந்தவர்கள் வீட்டைப் பெருக்கிக்கொண்ட கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு இது நம்பக் கடினமான செய்தி.

ஆயினும் அரியக்குடியின் அமைப்பை ஆண்டாளின் மெட்டு என்று எவரேனும் சொன்னால், மரியாதையோடு மறுக்க வேண்டியதுதான். பாட்டுக்கொரு இராகம் என்பது கச்சேரி மேடையின் கலை. பனியில் நடுங்கிக்கொண்டு தெருவில் போன சிறுமிகள் ஒரு வாசலில் தோடியும் அடுத்த வாசலில் வேறொன்றுமாக மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். தேவாரத்தில் ஒரு பதிகம் முழுவதும் ஒரே பண்ணில் நடப்பதைப்போல, முப்பது பாட்டும் ஒரே மெட்டில், சிறிய வீச்சுக்குள், எளிய தாளத்தில், மகுடத்தில் மட்டும் எல்லாக் குரலும் சேரும்படி நடந்திருக்கும் என்பதே என் துணிபு. அதற்கு மிக அருகில் இருப்பவை, வீடுகளில் பாட்டிமார் கற்றுக்கொடுத்துப் பெண்கள் வேலைக்கிடையே முணுமுணுக்கும் வீட்டு மெட்டுகளும், இந்தப் பக்கத்துக் கும்மியும் கோலாட்டமுமே. அவற்றுக்கு அடுத்தபடி அரையரின் தாளக்கட்டு. கச்சேரித் திருப்பாவை, எவ்வளவு சுகமானதாயினும், மூன்றாமிடத்தில் நிற்பது.

சங்கீத ஆராய்ச்சிக்குப் பொருள் செலவிடும் சபைகளையும் பல்கலைக்கழகங்களையும் கேட்டுக்கொள்வது இவ்வளவே: திருவரங்கத்தோடும் ஆழ்வார்திருநகரியோடும் ஒப்பிட்டு, வில்லிபுத்தூர் அரையர் சேவை முழுவதையும் ஒலிப்பதிவு செய்து சுரப்படுத்துங்கள், அதற்கு ஒப்பாக, இராஜபாளையம், வில்லிபுத்தூர் வட்டாரத்து வயதான பெண்களிடமுள்ள பாவைப் பாட்டு மெட்டுகளையும் கும்மி மெட்டுகளையும் சேகரியுங்கள். வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருக்கப்பெற்ற வாசகர், சபைகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வரும் மார்கழியில் தாமே பதிவு செய்து, பாடியவர் பெயரையும் அவருக்குக் கற்பித்தவர் ஊரையும் உடன் குறித்து வைப்பாராக.